வில்லங்கத்தில் வராத வில்லங்கம்

(ஈரோட்டில் வணிகர்களும் பொதுமக்களும் கூடியிருந்த ஒரு மாலைக் கூட்டத்தில், சொத்து மற்றும் வணிக வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். ஜவுளிச் சந்தை முடிந்த களைப்போடு வந்திருப்பீர்கள், சுருக்கமாகப் பேசுங்கள் என்று சொன்னார்கள். வக்கீலிடம் போய் அப்படிச் சொல்லலாமா? சரி, முயற்சி செய்கிறேன்.

கறுப்புக் கோட்டு போட்ட புதிதில், கோர்ட்டில் நின்று முழங்கப் போகிறோம் என்றுதான் நானும் நினைத்தேன். என் சீனியரோ முதல் ஆறு மாதம் பத்திரக் கட்டுகளைப் பிரித்துத் தேதிவாரியாக அடுக்க வைத்தார். அதிலும், "படிக்கறதுக்கு முன்னால திருப்பிப் பாரு" என்பார். முத்திரைத்தாளின் பின்பக்கத்தில், அதை விற்றவர் யாருக்கு, எந்தத் தேதியில் விற்றார் என்று எழுதி முத்திரை குத்தியிருப்பார். ஒருநாள் ஒரு கிரய ஒப்பந்தம் வந்தது. உள்ளே 1991 என்று தேதி போட்டிருந்தது. பின்பக்கத்தில் தாள் விற்ற வருஷம் 1993. தாள் பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பே அதில் எழுதிவிட்டார்கள்! அன்றிலிருந்து எந்தப் பத்திரம் வந்தாலும் என் கை தானாகத் திருப்பும்.

நீங்கள் எல்லாரும் நம்புவது வில்லங்கச் சான்றை. "முப்பது வருஷ வில்லங்கம் பாத்தாச்சுங்க, சுத்தமா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே முன்பணத்தை எடுத்து வைப்பார்கள். வில்லங்கம் பார்ப்பது அவசியம்தான்; இப்போது இணையத்திலேயே பார்த்துவிடலாம். ஆனால் அது சார்பதிவாளர் அலுவலகத்தில் சொத்துப் பத்திரங்களைப் பதியும் முதல் புத்தகத்தில் ஏறியதை மட்டுமே சொல்லும். உயிலைப் பதிவு செய்தால் அது போவது மூன்றாம் புத்தகத்துக்கு. பதிவே செய்யாத உயிலும் செல்லும். அதை எந்தப் புத்தகத்தில் தேடுவது? பதிவாகாத ஒப்பந்தமும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் வராது. எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுப் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

அவர்களைப் பற்றி ஊரில்தான் கேட்க வேண்டும். அதனால்தான் இடத்தைப் பார்க்காமல் நான் சட்டக் கருத்து எழுதுவதில்லை. நாலு ஏக்கர் விவசாயக் காடு ஒன்று கிரயத்துக்கு வந்தது. வாரிசுச் சான்றில் தாயும் இரண்டு மகன்களும். போய்ப் பார்த்தால் வேலியோரத்தில் ஒரு அம்மா ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தார். "யாரு காடுங்க இது?" என்றேன். "எங்கய்யன் காடுங்க" என்றார். அதோடு கிரயம் நின்றது.

அண்ணன்மார் இருவருக்கும் என்மேல் கோபம். "1984லயே கட்டிக் குடுத்தாச்சுங்க. நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிச்சாச்சு. அவளுக்கென்ன பங்கு?" அப்பா உயில் எழுதாமல் இறந்திருந்தார். அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் சமபங்கு. பூர்வீகச் சொத்து என்றால்தான் கதை நீளம். 1989இல் தமிழ்நாடு அரசு மகளுக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் அந்த வருஷம் மார்ச் 25க்கு முன் கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது. அந்தத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த அம்மா விஷயத்தில் எப்படிப் பார்த்தாலும் பங்கு உண்டு.

அந்த அம்மாவின் கதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அப்புறம் வருகிறேன். தொழில் செய்பவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் நடுவில் ஒரு வார்த்தை. இரண்டு நண்பர்கள் சேர்ந்து தறிப்பட்டறை போட்டார்கள். கூட்டு ஒப்பந்தம் வெறும் இரண்டு பக்கம். ஒருவர் மாரடைப்பில் போய்விட்டார். 1932ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் பங்குதாரர் இறந்ததும் நிறுவனம் கலைந்துவிடும். மிச்சம் இருப்பது ஒரே ஆள் என்றால் கூட்டு ஏது? நிறுவனத்தைப் பதிவும் செய்யவில்லை என்றால், வரவேண்டிய பாக்கிக்கு இருவரும் உயிரோடு இருக்கும்போதே வழக்குப் போட முடியாது. பட்டறைக்கு ஆயுத பூஜை செய்ய மறக்காதவர்கள் இதை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

ஊர்க் காரியத்தில் எதற்கு இவ்வளவு நேரம் செலவழிக்கிறாய் என்று வீட்டில் கேட்பார்கள். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1917இல் நகராட்சித் தலைவரானார். அந்த உயரமெல்லாம் எனக்கு இல்லை. மாதம் இரண்டு நாள் சட்ட உதவி முகாமில் உட்காருகிறேன், அவ்வளவுதான். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தில் வழி இருக்கிறது. 15100 என்ற எண்ணை அழைத்தால் போதும். முகாமில் காசு வராது, ஊர் தெரிய வரும். எந்தக் குடும்பத்தில் எத்தனை பெண்கள், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அங்கேதான் காதில் விழும். மறுநாள் பத்திரம் பார்க்கும்போது அது கைகொடுக்கும். ஆக, முழுக்கத் தர்மம் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த அம்மா விஷயத்துக்கு வருகிறேன். எட்டு மாதம் பேசினோம். அவர் பணம் வேண்டாம், நிலமாகவே கொடுங்கள் என்றார். கிணற்றுப் பக்கமாக ஒரு ஏக்கர் அவருக்கு, மீதி மூன்று ஏக்கரை விற்பது என்று முடிவாயிற்று. பாகப்பிரிவினைப் பத்திரம் தயார். கைநாட்டு வைக்குமுன் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன்களுக்கு அவசரம், பதிவுக்கு டோக்கன் வாங்கியாயிற்று.

படித்து முடித்ததும் கண்ணைத் திறந்தார். "எல்லாஞ் செரிங்க. கெணத்துத் தண்ணி எனக்கு எத்தன நாளைக்கு ஒருக்காங்க?"

புல எண், நான்கெல்லை, வண்டித்தடம் என்று எல்லாம் எழுதியிருந்தேன். கிணறு பொது என்றும் எழுதியிருந்தேன். முறைத் தண்ணி பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்றைய டோக்கனை விட்டுவிட்டு, "நாலு நாளைக்கு ஒரு முறை, விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை" என்று சேர்த்து அந்தப் பக்கத்தைத் திரும்ப அடித்தோம். அடுத்த நாள் பதிவாயிற்று.