கேட்காமல் எடுத்துக்கொள்ளும் சொல்

வணக்கம் நேயர்களே. மொழிபெயர்ப்பு வேலையில் ஒரு நாள் முழுக்க என்னை முழிக்க வைத்த ஒரு வினைச்சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் அது அரகேட். தனக்கு இல்லாத உரிமையையோ அதிகாரத்தையோ தன்னுடையது என்று ஆக்கிக்கொள்வது. ஒரு குழு, சட்டம் தராத அதிகாரத்தை இப்படி ஆக்கிக்கொண்டதாக மூலத்தில் இருந்தது. நான் 'அபகரித்தது' என்று எழுதிவிட்டேன். பிரதியைப் படித்த நண்பர், "சரி, யாரிடமிருந்து?" என்றார்.

பதில் இல்லை. அபகரித்தால் யாரோ ஒருவர் இழந்திருக்க வேண்டும். பறித்தல், கவர்தல், பழைய வௌவுதல் எல்லாமே அப்படித்தான். இங்கே யார் கையிலிருந்தும் எதுவும் போகவில்லை. "எனக்கு உண்டு" என்று குழு சொன்னது, அவ்வளவுதான்.

அப்புறம் அரகேட்டின் வேரைத் தேடினேன். லத்தீனில் 'ரொகாரே' என்றால் கேட்பது. அதிலிருந்து வந்த 'அட்ரொகாத்தியோ' ரோமானியச் சட்டத்தில் ஒருவகைத் தத்தெடுப்பு. தந்தை போன்ற யாருடைய அதிகாரத்துக்கும் உட்படாத ஒருவரைத் தத்தெடுப்பது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் கையஸ் பெயர்க்காரணம் சொல்கிறார்: தத்தெடுப்பவரைக் கேட்பார்கள், தத்துப் போகிறவரைக் கேட்பார்கள், மக்களையும் கேட்பார்கள். மூன்று முறை கேட்கிற அதே வினைக்குத்தான், கேட்காமலே எடுத்துக்கொள்ளும் பொருளும்! கேட்பது சில நேரம் வெறும் சடங்காகவும் போனது. கி.மு. 59இல் க்ளோடியஸ் என்ற உயர்குடிக்காரர், எளிய குடியினருக்கு மட்டுமே உரிய ட்ரிப்யூன் பதவிக்காக, தன்னைவிட வயதில் சின்னவரான ஓர் எளிய குடிக்காரருக்குப் பிள்ளையாகத் தத்துப் போனார். திமிர் பிடித்தவரைச் சொல்லும் அரகண்ட்டும் இந்தச் சொல்லுக்கு உடன்பிறப்புதான்.

தமிழில் நெருங்கி வருவது 'கொண்டாடு'. 'உரிமை கோரினார்' என்றால் நியாயம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'உரிமை கொண்டாடினார்' என்றால் சொல்பவரின் புருவம் லேசாக உயர்ந்துவிடும். பேரப்பிள்ளையிடம் பாட்டி கொண்டாடும் உரிமை வேறு, அதில் யாருக்கும் வழக்கில்லை. ஆனால் 'அதிகாரம் கொண்டாடியது' என்று யாரும் எழுதுவதில்லையே.

கடைசியில் கைகொடுத்தது 'கொள்' என்ற துணைவினை. எடுத்தது வேறு, எடுத்துக்கொண்டது வேறு. 'தனக்காக' என்பதை அந்தக் 'கொள்' சுமந்துவிடுகிறது. 'தனக்கு இல்லாத அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது' என்று திருத்தினேன். ஒரு சொல்லுக்கு ஐந்து சொல். நண்பர் பார்த்துவிட்டு, "நீளம்தான், இருக்கட்டும்" என்றார்.