ஓநாயை ஒளித்துவைத்த படம்

நேயர்களுக்கு வணக்கம். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்கிற பழைய கதைகளை எடுத்து, பெரியவர்களுக்காகப் பயங்கரமாகச் சொல்கிறோம் என்று ஹாலிவுட்டில் ஒரு காலம் வரிசையாகப் படங்கள் வந்தன. அதில் நான் ரொம்ப எதிர்பார்த்து ஏமாந்த படம் 2011-இல் வந்த ‘ரெட் ரைடிங் ஹூட்’. பாட்டி வீட்டுக்குப் போகிற சிவப்புத் தொப்பிச் சிறுமி, வழியில் வருகிற ஓநாய், அதே கதைதான். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது, அதனால் இனிமேல்தான் பார்க்கப் போகிறோம் என்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்பார்ப்புக்குக் காரணம் இருந்தது. இயக்கியவர் கேத்தரின் ஹார்ட்விக். ‘ட்வைலைட்’ எடுத்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும், ஆனால் அதற்கு முன்பே 2003-இல் ‘தர்ட்டீன்’ எடுத்தவர் அவர், தாயின் கண்ணெதிரிலேயே ஒரு பெண்பிள்ளை கைநழுவிப் போவதை அவ்வளவு கிட்டத்தில் நின்று காட்டிய படம் அது. வளர்கிற பெண்ணுக்கு வருகிற ஆபத்தைப் பற்றி எடுக்கத் தெரிந்தவர் கையில் இந்தக் கதை போகிறது, பாட்டியாக ஜூலி கிறிஸ்டி, ஓநாய் வேட்டைக்கு வருகிற பாதிரியாராக கேரி ஓல்ட்மேன், கதாநாயகியாக அமாண்டா செய்ஃபிரைட். வேறென்ன வேண்டும்?

இந்தக் கதையை யாரும் புதிதாக இருட்டாக்க வேண்டியதே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1697-இல் பிரான்சில் சார்ல் பெரோ அச்சேற்றிய கதையில் காப்பாற்ற யாரும் வருவதில்லை, ஓநாய் சிறுமியைத் தின்றுவிடுகிறது, அத்தோடு கதை முடிந்தது. வேட்டைக்காரர் வந்து வயிற்றைக் கிழித்து இருவரையும் வெளியே எடுப்பதும், ஓநாயின் வயிற்றில் கல்லை நிரப்புவதும் 1812-இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வருவது. பிரெஞ்சுக் கிராமங்களில் வாய்வழியாகச் சொல்லி வந்த கதையோ இரண்டையும்விடக் கொடியது. அதில் சிவப்புத் தொப்பியே கிடையாது. ஓநாய் மனிதன் பாட்டியைக் கொன்று, சதையை அலமாரியிலும் ரத்தத்தைப் புட்டியிலும் எடுத்துவைக்கிறான். பசியோடு வருகிற பேத்தி அது என்னவென்று தெரியாமலே சாப்பிடுகிறாள், குடிக்கிறாள். அப்புறம் உடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நெருப்பில் போடச் சொல்கிறான், “இனிமேல் உனக்கு அது தேவைப்படாது” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிச் சொல்லி. படுக்கையில் ஏறிய பிறகுதான் அவளுக்கு விஷயம் புரிகிறது. உடனே “எனக்கு வெளிக்குப் போகணும்” என்கிறாள். படுக்கையிலேயே போ என்கிறான். அவள் விடுவதாக இல்லை. சரியென்று காலில் ஒரு நூலைக் கட்டி வெளியே அனுப்ப, அவள் அந்த நூலை அவிழ்த்து முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு வீட்டைப் பார்க்க ஓடிவிடுகிறாள்.

எந்த வேட்டைக்காரரும் வரவில்லை, அவளே தப்பிக்கிறாள். கேட்கிற நமக்குப் படுக்கையில் கிடப்பது யாரென்று முதலிலிருந்தே தெரியும், அவளுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பயமே இருக்கிறது.

படம் இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டது. டாகர்ஹார்ன் என்று ஒரு மலைக்கிராமம், மூடுபனி, வெள்ளைப் பனியில் சிவப்பு அங்கி, பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பாதிரியார் வந்து, ஓநாய் உங்களில் ஒருவர்தான் என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அது துப்பறியும் கதையாகிவிடுகிறது. யார் ஓநாய்? காதலனா, நிச்சயித்த மாப்பிள்ளையா, பாட்டியா? ஓநாயின் கண் மனிதக் கண் மாதிரி பழுப்பாக இருந்ததாம், அதனால் கேமரா ஒவ்வொருவர் கண்ணாகப் போய் நிற்கிறது. “பாட்டி, உன் கண் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கிறது” என்ற கேள்வி ஒரு கனவில் வந்து போய்விடுகிறது. கதையின் உயிரே அந்தக் கேள்விதான், அதைக் கனவென்று தள்ளிவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? இதற்கு நடுவில் இரண்டு இளைஞர்களில் யாரைக் கட்டிக்கொள்வது என்ற காதல் கதை வேறு. அந்த இரண்டு பேரும் சுவாரசியமே இல்லாதவர்கள்.

என்னால் ஆறவே முடியாதது முடிவுதான். ஓநாய் கதாநாயகியின் அப்பா. தன் சக்தியை மூத்த மகளுக்கு, அதாவது கதாநாயகியின் அக்காவுக்குக் கொடுக்க நினைத்தவன், சொந்த ரத்தத்துக்குத்தான் புரியும் என்கிற ஓநாய்ப் பேச்சு அவளுக்குப் புரியாமல் போனதால் அவள் தனக்குப் பிறந்தவள் அல்ல என்று தெரிந்துகொண்டு, அந்த ஆத்திரத்தில் அவளைக் கொன்றிருக்கிறான். பாட்டியை, அதாவது தன்னைப் பெற்றவளையும் கொல்கிறான். எவ்வளவு பெரிய விஷயம் இது! வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஓநாய், ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஓநாய். இதை முதல் கால்மணி நேரத்திலேயே நமக்குச் சொல்லிவிட்டு, கதாநாயகிக்கு மட்டும் தெரியாமல் வைத்திருந்தால் ஒவ்வொரு முறை அவர் மகளே என்று கூப்பிடும்போதும் நமக்குக் குலை நடுங்கியிருக்கும். படமோ அதைக் கடைசிவரை ஒளித்துவைத்து, ஒரே காட்சியில் அப்பா வாயாலேயே விளக்கமாகச் சொல்லவைத்துவிட்டு, அவசரமாக அவரைக் கொன்று, வயிற்றில் கல் நிரப்பி ஏரியில் போட்டுவிடுகிறது. பெற்ற அப்பாவைக் கொன்ற மகள் என்ன ஆனாள் என்று நின்று பார்க்க அதற்கு நேரமில்லை, காதலனிடம் போக வேண்டியிருக்கிறது.

இதே கதையை இப்படி வீணடிக்காமல் எடுத்த படமும் உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டரின் கதையை வைத்து நீல் ஜோர்டன் 1984-இல் இயக்கிய ‘தி கம்பெனி ஆஃப் உல்வ்ஸ்’. மனிதனுடைய வாயைப் பிளந்துகொண்டு ஓநாயின் மூஞ்சி வெளியே வருகிற காட்சி அதில் இருக்கிறது, கம்ப்யூட்டர் வித்தை பெரிதாக இல்லாத காலத்தில் எடுத்தது, இன்றைக்கும் பதறவைக்கிறது. ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறதென்றால் அதைப் பாருங்கள், ஆனால் பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு பாருங்கள். நன்றி, வணக்கம்.