எண்ணைப் பார்த்தாலே பிரிவு தெரியும்

நண்பர்களே, இரண்டாம் உலகப் போர் பற்றிய புத்தகங்களில் ஜெர்மன் விமானப்படைப் பிரிவைக் குறிக்க ‘5./ஜேஜி 26’ மாதிரி ஏதாவது வந்தால் நிறையப் பேர் அப்படியே தாண்டிப் போய்விடுகிறார்கள். தயவுசெய்து தாண்டாதீர்கள், கதையில் பாதி அதற்குள்தான் இருக்கிறது.

ஜேஜி என்றால் யாக்ட்கெஷ்வாடர், சண்டை விமானப் படை. கேஜி என்றால் குண்டுவீச்சுப் படை. பின்னால் வரும் 26 அந்தக் கெஷ்வாடரின் எண், முன்னால் வரும் 5 அதற்குள் இருக்கும் ஸ்டாஃபெலின் எண். ஒன்பது முதல் பன்னிரண்டு விமானம் வரை கொண்டது ஒரு ஸ்டாஃபெல், மூன்று ஸ்டாஃபெல் ஒரு குரூப்பே, மூன்று குரூப்பேயும் தலைமைப் பிரிவும் சேர்ந்தால் ஒரு கெஷ்வாடர், ஏட்டளவில் ஏறக்குறைய நூறு விமானம். குரூப்பேக்கு ரோமன் எண், ஸ்டாஃபெலுக்குச் சாதாரண எண். ஸ்டாஃபெல் எண் கெஷ்வாடர் முழுக்கத் தொடர்ந்து ஓடும் என்பதால் 5 என்று பார்த்த உடனேயே அது இரண்டாவது குரூப்பே என்று சொல்லிவிடலாம். 1944 கடைசியில் சண்டைப் படைகளில் குரூப்பேக்கு நான்கு ஸ்டாஃபெல் ஆக்கியதும் இந்தக் கணக்கு மாறியது, அந்த வருட ஆவணங்களைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

சரி, ஒரு விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 1940 செப்டம்பர் 15 அன்று லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தின் மேல் விழுந்த டோர்னியர் 17 என்ற ஜெர்மன் குண்டுவீச்சு விமானம். அதன் உடலில் இருந்த எழுத்து எஃப்1+எஃப்எச். முதலில் வரும் எஃப்1 கேஜி 76-ஐக் குறிக்கும், அடுத்த எஃப் அந்தத் தனி விமானம், கடைசி எச் முதல் ஸ்டாஃபெல். சிதறிக் கிடக்கும் தகடில் நான்கு எழுத்து மிஞ்சினால் போதும், எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

ஆனால் ஒரு கெஷ்வாடர் முழுதாக ஒரே இடத்தில் நின்று போரிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஜேஜி 27-இன் முதல் குரூப்பே 1941 ஏப்ரலில் வட ஆப்பிரிக்கா போனது, மற்ற இரண்டும் அந்த வருடத்தின் பிற்பகுதியில்தான் போய்ச் சேர்ந்தன. அதனால் ‘ஜேஜி 27 அங்கே இருந்தது’ என்று மட்டும் எழுதினால் எனக்குத் திருப்தி வராது, எந்தக் குரூப்பே என்று கேட்பேன்.

அப்புறம் கெஷ்வாடர்களுக்குச் சூட்டிய பட்டப் பெயர்கள். ரிச்ட்ஹோஃபென், இம்மெல்மான் எல்லாம் முதல் உலகப் போர் விமானிகள். ஆனால் ஹோர்ஸ்ட் வெஸ்ஸல் நாஜிக் கட்சியின் தெருப்படை ஆள், விமானியே இல்லை, அவர் பெயர் இசட்ஜி 26 என்ற கனரகச் சண்டை விமானப் படைக்கு. கேஜி 53-க்கு ‘லெகியோன் காண்டோர்’, அதாவது ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் 1937-இல் குவெர்னிகா என்ற ஊரைக் குண்டுபோட்டு எரித்த ஜெர்மன் படையின் பெயர். அதைப் பெருமையாகச் சீருடைக் கையில் பட்டியாக அணிந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. ஸ்பெயினில் அந்தப் படையில் பறந்த சண்டை விமானி மோல்டர்ஸின் பெயரைப் போருக்குப் பிந்தைய ஜெர்மனியும் ஒரு சண்டைப் படைக்கு 1973-இல் சூட்டியது, 2005-இல்தான் எடுத்தார்கள். எடுத்தது சரி, இத்தனை வருடம் பொறுத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.