எந்தப் போர்ப் படத்தைப் பார்ப்பது?

நேயர்களுக்கு வணக்கம்.

போர்ப் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்கள் பலர் இரண்டே போர்களுக்குள் நின்றுவிடுகிறார்கள். ஒன்று, இரண்டாம் உலகப் போர். அப்புறம் வியட்நாம், அதுவும் அமெரிக்கச் சிப்பாய் கண்ட வியட்நாம். அவற்றில் அருமையான படங்கள் உண்டு. ஆனால் அல்ஜீரியா, பெலாரஸ், போஸ்னியா, இலங்கை என்று வேறு மண்ணின் போர்களைச் சொல்லும் படங்களும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அவற்றில் எதைப் பார்ப்பது என்று முடிவு செய்ய நான் ஒரே ஒரு கேள்வியைக் கேட்பேன்: கேமரா யார் பக்கத்தில் நிற்கிறது? தளபதியின் மேசையருகிலா, குண்டு போடும் விமானத்திலா, குண்டு விழும் வீட்டுக்குள்ளா?

'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். 1962இல் அல்ஜீரியா பிரான்ஸிடமிருந்து விடுதலை பெற்றது. 1966இல் இத்தாலிய இயக்குநர் ஜில்லோ பொந்தேகோர்வோவின் படம் வந்துவிட்டது. சண்டை நடந்த இடத்திலேயே, தலைநகர் அல்ஜியர்ஸின் பழைய பகுதியான கஸ்பாவின் சந்துகளிலேயே எடுத்தார். போராளித் தலைவர்களில் ஒருவரான சாதி யாசெஃப், தம்மையே ஒத்த பாத்திரத்தில் நடித்தார். சரி, அப்படியானால் ஒரு பக்கத்துக் கதையாகத்தானே இருக்கும் என்று தோன்றும். அதில் ஒரு காட்சி. ஐரோப்பியப் பெண்ணைப் போல உடுத்திய ஓர் அல்ஜீரியப் பெண் பையில் வெடிகுண்டோடு கடைக்குள் வந்து உட்காருகிறாள். சுற்றிலும் பார்க்கிறாள். ஒரு குழந்தை ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டிருக்கிறது. அந்தக் குழந்தையை நாமும் நன்றாகப் பார்க்கிறோம். பிறகு அவள் பையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறாள். இயக்குநரின் அனுதாபம் அல்ஜீரியர்கள் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் குழந்தையை அவர் நம் கண்ணிலிருந்து மறைக்கவில்லை. நல்ல போர்ப் படத்துக்கு நான் வைத்திருக்கும் உரைகல் இந்த ஒரு காட்சிதான்.

ஒரே போருக்கு இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்ப்பதும் நல்ல வழி. கிளின்ட் ஈஸ்ட்வுட் 2006இல் இதை நமக்காகவே செய்துவைத்திருக்கிறார். 1945இல் இவோ ஜிமா தீவில் நடந்த சண்டையை, 'ஃப்ளாக்ஸ் ஆஃப் அவர் ஃபாதர்ஸ்' படத்தில் கொடி ஏற்றிய அமெரிக்க வீரர்களோடு நின்று சொன்னார். 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா' படத்தில் அதே தீவின் சுரங்கங்களுக்குள் ஜப்பானியரோடு நின்றார். இரண்டாவது படம் ஏறக்குறைய முழுக்க ஜப்பானிய மொழியில்தான். முதல் படத்தில் எதிரி என்ற பெயரில் வந்துபோனவர்களுக்கு இதில் முகம் கிடைக்கிறது. ரொட்டிக் கடை வைத்திருந்த ஓர் இளைஞன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறான்.

படத்துக்குப் பீரங்கியும் ஹெலிகாப்டரும் எங்கிருந்து வந்தன என்பதையும் கொஞ்சம் கவனியுங்கள். அமெரிக்க ராணுவம் தளவாடம் கொடுத்து உதவும் படங்களின் திரைக்கதையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்க்கிறது. வியட்நாம் போரைப் பற்றி 1979இல் வந்த 'அபோகலிப்ஸ் நவ்' படத்துக்கு அந்த உதவி கிடைக்கவில்லை. அதன் இயக்குநர் கொப்போலா பிலிப்பைன்ஸ் ராணுவத்தின் ஹெலிகாப்டர்களை வாடகைக்கு எடுத்தார். அங்கே உண்மையாகவே நடந்துகொண்டிருந்த உள்நாட்டுச் சண்டைக்கு அவை தேவைப்பட்டபோது, படப்பிடிப்பின் நடுவிலேயே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இனி, என் மனதுக்கு மிக நெருக்கமான இரண்டு படங்கள். இரண்டிலும் போர்க்களத்தின் பிரம்மாண்டம் கிடையாது. போர் ஒரு கிராமத்து வீட்டுக்குச் செய்தியாக மட்டும் வந்து சேர்கிறது.

வியட்நாம் இயக்குநர் டாங் நியாட் மின் 1984இல் எடுத்தது 'வென் தி டென்த் மன்த் கம்ஸ்'. ஓர் இளம்பெண்ணுக்குக் கணவன் போரில் இறந்த செய்தி தெரிந்துவிடுகிறது. வீட்டில் நோயாளியான மாமனார், சின்னப் பையன். அவர்கள் தாங்கமாட்டார்கள் என்று நினைத்து அவள் அதைச் சொல்லவில்லை. ஊர் ஆசிரியரிடம் போய், கணவன் எழுதுவதுபோலக் கடிதங்கள் எழுதித் தரச் சொல்கிறாள். ஆசிரியரும் எழுதுகிறார். ஊர் அந்த இருவரையும் சேர்த்துவைத்துப் பேச ஆரம்பிக்கிறது. அவளால் உண்மையைச் சொல்லி மறுக்கவும் முடியாது, வாய்விட்டு அழவும் முடியாது.

இன்னொன்று, இலங்கையின் பிரசன்ன விதானகே 1997இல் எடுத்த சிங்களப் படம் 'புரஹந்த களுவர'. பார்வையற்ற முதியவர் ஒருவர். ராணுவத்தில் இருந்த மகனின் சவப்பெட்டி முத்திரையிடப்பட்டு வீடு வந்து சேர்கிறது. திறந்து பார்க்க அனுமதி இல்லை. இழப்பீட்டுத் தொகைக்குக் கையெழுத்துப் போட்டால் குடும்பத்தின் கஷ்டம் தீரும். கையெழுத்துப் போட்டால் மகன் இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் போட மறுக்கிறார். ஜோ அபேவிக்ரம அந்த முதியவராக நடித்திருக்கிறார். நடிப்பு என்பதே மறந்துபோகும். 2000இல் அரசு இந்தப் படத்தைத் திரையிட விடாமல் தடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் மக்கள் பார்க்க முடிந்தது. ஒரு துப்பாக்கிச் சண்டையும் இல்லாத படத்தை, போர் நடத்துகிற அரசு ஏன் தடுக்க வேண்டும்? பார்த்தால் உங்களுக்கே விளங்கும். முடிவில் பெட்டிக்கு என்ன ஆகிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 1988இல் வந்த இசாவோ தகாஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ்' கார்ட்டூன்தானே என்று சிறு பிள்ளைகளை உட்காரவைத்துவிடாதீர்கள். குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியோடு அலையும் கதை அது. எலெம் கிளிமோவின் 'கம் அண்ட் சீ', 1985இல் வந்தது, பெரியவர்களுக்கே கடினம். பெலாரஸில் நாஜிப் படைகள் 628 கிராமங்களை மக்களோடு சேர்த்து எரித்ததை, கொரில்லாப் படையில் சேரப்போன ஒரு பையனின் முகத்தை வைத்தே சொல்லிவிடுகிறது. இரண்டும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. ஆனால் தூங்கப்போகும் முன் பார்க்காதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், 'லெட்டர்ஸ் ஃப்ரம் இவோ ஜிமா'. பிறகு போஸ்னியாவைப் பற்றி 2020இல் யாஸ்மிலா ஷ்பானிச் எடுத்த 'குவோ வாடிஸ், ஐடா?'. 1995இல் ஆயிரக்கணக்கானவர்கள் படுகொலை செய்யப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சா ஊரில், ஐ.நா. முகாமில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கும் ஒரு பெண், தன் கணவனையும் இரண்டு மகன்களையும் காப்பாற்ற ஓடிக்கொண்டே இருக்கிறாள். வெளியே என்ன நடக்கப்போகிறது என்பது அங்கிருக்கும் பலரையும்விட அவளுக்கு முன்னதாகவே புரிந்துவிடுகிறது. அதன் பிறகு அல்ஜியர்ஸ், அப்புறம் அந்த இரண்டு கிராமத்துப் படங்கள். எதைப் பார்த்தாலும் அந்தந்த மொழியிலேயே, வசன வரிகளோடு பாருங்கள்.

நன்றி, வணக்கம்.