சுமக்கிறவருக்கும் தோள் வேண்டும்

பெரியோர்களே, சகோதர சகோதரிகளே,

தியாக அன்பைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இத்தகைய தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் உயிரைக் கொடுத்தவர்களின் வரலாறுகளைச் சொல்லி, கேட்பவர்களின் கண்களைக் கலங்கவைத்து விடைபெறுவார்கள். நான் அந்த வழியில் போகப்போவதில்லை. இந்த அவையில் இருப்பவர்களில் சிலர், படுத்த படுக்கையாக இருக்கும் தாயையோ, நினைவு தப்பிப்போன கணவரையோ, வயது ஏறியும் தன் வேலையைத் தானே செய்துகொள்ள இயலாத பிள்ளையையோ சிறிது நேரம் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்திருப்பீர்கள். கூட்டம் முடிவதற்குள் எழுந்து போக வேண்டிய நிலையிலும் இருப்பீர்கள். உங்களை மனத்தில் வைத்தே இன்று பேசுகிறேன்.

தாமாகப் புரண்டு படுக்க முடியாதவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். இரவும் இதில் சேர்த்திதான். விரிப்பு நனைந்துவிட்டால், அவரை ஒருக்களிக்கவைத்து, நனைந்த விரிப்பை முதுகோரம் வரை சுருட்டிச் செருகி, காய்ந்த விரிப்பில் பாதியை அங்கே பரப்பி, பிறகு அவரை மறுபக்கம் புரட்டிப் பழையதை உருவ வேண்டும். கூட ஆள் இல்லாதவருக்கு ஒரு கை நோயாளியின் தோளைப் பிடிப்பதற்கே சரியாகப் போய்விடும்; மற்ற வேலை முழுவதையும் இன்னொரு கைதான் செய்தாக வேண்டும். எல்லாம் முடித்துக் கை கழுவிவிட்டு வருவதற்குள் புது விரிப்பும் நனைந்திருக்கும். அந்த நேரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்களே, அதைத்தான் நான் தியாக அன்பு என்று சொல்கிறேன். அதைப் பார்ப்பதற்கு ஆளில்லை, அதற்கு முடிவு தேதியும் இல்லை, சில வேளைகளில் அதைப் பெறுகிறவருக்கே அது தெரிவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் 5 கோடியே 70 லட்சம் பேர் மறதி நோயோடு வாழ்ந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாரும் நண்பர்களும் நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி நேரத்தை அதற்குக் கொடுக்கிறார்கள் என்றும், அத்தகைய பராமரிப்பு நேரத்தில் 70 விழுக்காடு பெண்களுடையது என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. தியாகத்தைப் போற்றி மேடையில் பேசுகிறவர்களில் ஆண்களே அதிகம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். நானும் அந்தக் கணக்கில்தான் வருகிறேன்.

இப்படிப்பட்ட பொறுப்பில் இருப்பவரிடம் நாம் என்ன சொல்கிறோம்? கடவுள்மேல் பாரத்தைப் போடுங்கள், முறுமுறுக்காமல் செய்யுங்கள், பலன் உண்டு என்கிறோம். ஆனால் இஸ்ரவேல் மக்களை எகிப்திலிருந்து நடத்தி வந்த மோசே முறுமுறுத்தார். வேதாகமத்தில் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பாலைவனத்தில் அவரவர் கூடார வாசலில் நின்று அழுகிற ஒரு பெருங்கூட்டத்தைத் தனியாளாக நடத்திச் செல்கிற மோசே, ஒரு நாள் தாங்க முடியாமல் கடவுளிடமே கேட்கிறார்: இவர்களையெல்லாம் நானா கருவுற்றேன், நானா பெற்றேன்? பால் குடிக்கிற குழந்தையை ஏந்துவதுபோல நான் ஏன் இவர்களை மார்பிலே சுமக்க வேண்டும்? என்னால் ஆகாது, இப்படித்தான் செய்வீர் என்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் யாராவது இப்படிப் பேசினால், நாம் அவருடைய விசுவாசத்தைச் சந்தேகித்திருப்போம். கடவுள் இந்த முறையீட்டுக்காக மோசேயைக் கடிந்துகொள்ளவில்லை. பொறுமையைப் பற்றி அவருக்குப் பாடம் நடத்தவும் இல்லை. மூப்பரில் 70 பேரை அழைத்து வா, உன்மேல் இருக்கும் ஆவியில் அவர்களுக்கும் பங்கு தருவேன், இனி நீ தனியாகச் சுமக்க வேண்டாம் என்கிறார். விண்ணப்பத்துக்குக் கிடைத்த பதில் ஆட்களாக வந்தது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தெய்வ நம்பிக்கை உள்ளவர் உதவி கேட்கக் கூடாது, கேட்டால் தம் அன்பு குறைந்துபோனதாக ஆகிவிடும் என்ற எண்ணம் நல்லவர்களிடத்தில்தான் அதிகம். கூடப் பிறந்தவர்களிடம் ‘ஒரு வாரம் வந்து இருங்கள்’ என்று வாய்விட்டுக் கேட்காமல், உடல் நலம் கெட்டு, தம் மருந்தை வாங்கவும் நேரமில்லாமல், கடைசியில் தாமும் படுத்துவிடுகிறார்கள். மோசே செய்ததை இவர்களும் செய்யலாம், அதில் குற்றமில்லை.

‘கடவுள் பார்த்துக்கொள்வார்’ என்ற வார்த்தை நம் வீடுகளில் எளிதாகப் புழங்குகிறது. நோயாளியின் தலைமாட்டில் விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் இதைச் சொன்னால் அது நம்பிக்கை. தொலைவில் இருக்கும் உடன்பிறப்பு தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தால் அதற்கு வேறு பெயர். மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டித்தது இந்த இரண்டாவது வகையைத்தான். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுளுக்குக் காணிக்கையாக்கிவிட்டோம் என்று சொல்லிக் கைகழுவினவர்களை அவர் சும்மா விடவில்லை. பக்தியைக் காரணம் காட்டிப் பொறுப்பிலிருந்து நழுவுவதை அவர் பக்தியாகவே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சிலுவையில் தொங்கும்போது நடந்ததை யோவான் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. தம் தாயை அன்புச் சீடரிடம் ஒப்படைக்கிறார். அந்த நேரமுதல் சீடர் அவரைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொள்கிறார். தம் ஆவியையே தந்தையின் கையில் ஒப்படைக்கத் தயாராக இருந்தவர், தாயின் காரியத்தில் ‘பிதா பார்த்துக்கொள்வார்’ என்று விட்டுவிடவில்லை. யார் பார்த்துக்கொள்வது என்பதை ஆளைக் காட்டி ஏற்பாடு செய்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தியாகத்தை மற்றவரிடமிருந்து வற்புறுத்திப் பெற முடியாது. கணவனை இழந்த ரூத், தன் மாமியாரான நகோமியை விட்டுப் போக மறுத்ததை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் அதே இடத்தில் ஓர்பாள் என்ற இன்னொரு மருமகளும் இருந்தாள். அவள் அழுது, மாமியாரை முத்தமிட்டு, தன் தாய்வீட்டுக்குத் திரும்பினாள். அவளைக் குறைசொல்லி அந்த நூலில் ஒரு வார்த்தையும் கிடையாது. நகோமியும் இருவரையும் வாழ்த்தித்தான் வழியனுப்பப் பார்த்தாள். ரூத் தானாக முன்வந்தாள் என்பதால்தான் அவள் செய்தது தியாகமாக நிற்கிறது. வீட்டுக்கு வந்த மருமகளிடமோ திருமணமாகாத மகளிடமோ கேட்காமலேயே எல்லாவற்றையும் சுமத்திவிட்டு, பிறகு அவளைத் ‘தியாகி’ என்று புகழும் குடும்பங்கள் இந்த வேறுபாட்டை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நோயாளி குணமாகிவிடுவார் என்ற உறுதியைத்தான் நாம் நம்பிக்கை என்று பல நேரம் எண்ணிக்கொள்கிறோம். குணமாகாத நோய்கள் உண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல, இது எப்போது முடியும் என்ற நினைப்பு மனத்தின் ஓரத்தில் தலைகாட்டும். நினைத்த மறுகணமே, ‘நான் என்ன பிறவி’ என்று தன்னையே வெறுக்கத் தோன்றும். அந்த நினைப்பை யாரிடமும் சொல்ல முடியாது. 88-ஆம் சங்கீதத்தைப் பாடியவர் அதைப் போன்ற ஓர் இருட்டில்தான் இருந்தார். மற்றச் சங்கீதங்கள் பல, கண்ணீரில் தொடங்கினாலும் நன்றியில் முடியும். இது இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதலான கடைசி வரியை யாரும் அதில் சேர்க்கவில்லை. ஆனாலும் முதல் வரியிலிருந்தே அவர் கடவுளிடம்தான் பேசுகிறார். இரவும் பகலும் அவரையே கூப்பிடுகிறார். பதில் வராதபோதும் பேச்சை நிறுத்தவில்லை. இந்த அளவு நம்பிக்கை இருந்தால் போதும் என்பது என் எண்ணம். களைப்பையும் கோபத்தையும் மறைத்து வைத்துவிட்டு அழகான சொற்களால் ஜெபிக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கடைசியாக, சபையை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முதல் சபையில் கிரேக்க மொழி பேசினவர்கள் முறையிட்டதை அப்போஸ்தலர் நடபடிகள் 6-ஆம் அதிகாரம் சொல்கிறது. ‘உங்களுக்காக ஜெபிக்கிறோம்’ என்று சொல்லி அப்போஸ்தலர்கள் அதை முடித்துவிடவில்லை. நற்சாட்சி பெற்ற 7 பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கின்றன. நம்மிடத்திலும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். எந்த வீட்டில் படுக்கையில் ஒருவர் இருக்கிறார், அவரோடு இருப்பவர் எந்த நாளில் வெளியே போய்வர விரும்புகிறார், அந்த நாளில் அங்கே போய் இருப்பவர் யார், இரவில் திடீரென்று கூப்பிட்டால் வரக்கூடியவர் யார் என்பதைப் பெயரோடும் கிழமையோடும் எழுதுங்கள். கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு தாள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் வரியில் என் பெயரும், வாரத்தில் நான் வரக்கூடிய ஓர் இரவும் இருக்கின்றன.