தார் பாலைவனத்தில் முந்த வேண்டியது பாதுகாப்பே!

நடுவர் அவர்களே! தார் பாலைவனத்தில் முந்த வேண்டியது வளர்ச்சியா, இயற்கைப் பாதுகாப்பா என்ற இந்தப் பட்டிமன்றத்தில் பாதுகாப்பே என்று பேச வந்திருக்கிறேன். "சும்மா கிடக்கிற மணலில் சூரியத் தகடு போட்டால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கேட்டு, கைதட்டலும் வாங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார் எதிரணி நண்பர். அது சும்மா கிடக்கிற மணல் இல்லை ஐயா. சேவண் புல்லும் வன்னி மரமும் நிற்கிற மேய்ச்சல் நிலம். சாமி பெயரைச் சொல்லி ஊரார் கோடரி படாமல் காத்துவரும் ஓரண் காடுகளும் அங்கே உண்டு. வருவாய்ப் பதிவேட்டில் அவற்றில் பல 'தரிசு'. அந்த ஒரு சொல் போதும், குத்தகைக்குக் கொடுக்க!

பிறகு புல்டோசர் வருகிறது. தரையைச் சமன் செய்யப் புல்லை வேரோடு வழித்தால், மணலைப் பிடித்திருந்த பிடி போய்விடும். கிளம்பும் தூசி அதே தகட்டில் படிந்து மின்சாரத்தைக் குறைக்கும். கழுவலாம் என்றால், அந்தப் பாலைவனத்து ஜெய்சால்மரில் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 200 மி.மீ.தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அது இங்கே நிஜமாகவே நடக்கிறது! புல்லை வேர் போகாமல் குட்டையாக வெட்டி, தூண்களை மட்டும் ஊன்றுங்கள். தகட்டைத் தண்ணீரின்றித் துடைக்கத் தூரிகை இயந்திரங்கள் இருக்கின்றன.

அடுத்தது கானமயில், அழிவின் விளிம்பில் நிற்கிற பெரிய புல்வெளிப் பறவை. ஆண் பறவை 15 கிலோ வரை கனக்கும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே பார்வை குறைவு. மின்கம்பி தெரிவதற்குள் மோதிவிடும். கம்பிகளைப் புதைக்க உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2024இல் அதைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் விட்டது. எதிரணி இதை வெற்றியாகக் கொண்டாடலாம். உயர் அழுத்தத் தடத்தை நெடுந்தூரம் புதைப்பது கடினம் என்பதை நாங்களும் மறுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறோம்: அழுத்தம் குறைந்த 33 கிலோவோல்ட் கம்பியைப் புதையுங்கள், பெரிய தடத்தைப் பறவையின் வாழிடத்தைச் சுற்றிக் கொண்டுபோங்கள். கம்பி பறவையின் கண்ணில் படுவதற்காக எச்சரிக்கை வட்டுகளை மாட்டினால் மோதல் குறையும், ஆனால் நிற்காது. காற்றில் கழன்று விழுகிற வட்டுகளும் உண்டு.

"அப்படியானால் வளர்ச்சியே வேண்டாமா?" வேண்டும்! ஜெய்சால்மரின் கதீனைப் பாருங்கள், மழைநீரைத் தேக்கிப் பயிர் செய்யும் பழைய முறை அது. பாறைச் சரிவின் அடிவாரத்தில் மண்கரை, மிகுநீர் வழியக் கலிங்கு. சரிவில் ஓடிவரும் மழைநீர் கரைக்குள் தேங்கி மண்ணில் ஊறும். அந்த ஈரத்திலேயே குளிர்காலத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விளையும். அதன் உயிர் மேலே இருக்கும் வெற்றுச் சரிவில்தான். குறுக்கே உயர்த்திச் சாலை போட்டு, தண்ணீருக்கு வழிவிடாமல் போனால் கீழே வயல் காயும்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்தச் சாலைக்கு எத்தனை இடத்தில் சிறுபாலம் வைப்பார் என்பதை முதலில் சொல்லட்டும்!