எத்தனை பேர் பார்த்தார்கள்?

வணக்கம் நேயர்களே.

பொழுதுபோக்குத் துறையைப் பற்றிப் பேச வாருங்கள் என்று அழைத்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். நான் நடிகனும் இல்லை, இயக்குநரும் இல்லை. பாடகர்களுக்கும் குரல் நடிகர்களுக்கும் ராயல்டிக் கணக்கு, அதாவது அவர்கள் பதிவு பயன்படும்போது வர வேண்டிய பங்கின் கணக்கு, பார்த்துக் கொடுப்பவன். ஒரு படத்தின் உச்சக்காட்சியைப் பற்றி எல்லோரும் பேசும்போது, அதன் ஒப்பந்தத்தில் பதினான்காம் பக்கத்தில் என்ன இருந்தது என்று யோசிக்கிற ஆள். அதனால் செயற்கை நுண்ணறிவு வந்து சினிமாவையும் பாட்டையும் விழுங்கிவிடுமா என்று கேட்டால், என்னிடம் ஜோசியம் கிடையாது. காசு எந்த வழியாக வருகிறது, எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று வேண்டுமானால் சொல்கிறேன்.

பழைய ஏற்பாடு எளிமையானது. ஒரு டிக்கெட் கிழிந்தால் அது ஒரு படத்தின் டிக்கெட். திரையரங்கின் பங்கு போக, விநியோகஸ்தர் பங்கு போக, மீதி தயாரிப்பாளருக்கு. நடுவில் யார் எவ்வளவை ஒளித்தார்கள் என்பது வேறு கதை. அந்தக் கதை இருப்பதால்தான் என் பிழைப்பே ஓடுகிறது. ஆனாலும் எண்ணுவதற்குக் கையில் ஒரு பொருள் இருந்தது.

தொலைக்காட்சி வந்தபோதும் சண்டைக்குப் பிறகு எண்ண வழி கிடைத்தது. 1960-இல் ஹாலிவுட்டில் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே சமயத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது நடிகர் சங்கத் தலைவர் ரொனால்ட் ரீகன். ஆம், பின்னாளில் அமெரிக்க அதிபரானாரே, அவரேதான். படம் தொலைக்காட்சியில் ஓடினால் நடிகருக்கும் ஒரு பங்கு என்ற வழக்கம் அந்தப் போராட்டத்தில் உறுதியானது. அதற்கு முந்தைய படங்களின் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒரு தொகையை வாங்கிக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்தது சரியா தப்பா என்று பழைய நடிகர்கள் வெகுகாலம் முணுமுணுத்தார்கள்.

அப்புறம் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. 1997-இல் தொடங்கி, டிவிடிகளைத் தபாலில் வாடகைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நிறுவனம் அது. 2007-இல் இணையம் வழியாகப் படம் காட்ட ஆரம்பித்தது. தொழில்நுட்பம்தான் பெரிய மாற்றம் என்று எல்லோரும் சொன்னார்கள். என் கண்ணுக்குப் பட்டது வேறு. மாதச் சந்தா எந்தப் படத்துக்கும் சொந்தமில்லை. ஒருவர் மாதம் முழுக்க ஒரே படத்தைப் பத்துத் தடவை பார்க்கலாம், எதையுமே பார்க்காமல் தூங்கியும் போகலாம். அவர் கட்டுகிற பணம் ஒன்றுதான். அப்படியானால் ஒரு படம் எவ்வளவு சம்பாதித்தது? இந்தக் கேள்விக்கே அர்த்தமில்லாமல் போய்விட்டது.

அதனால் இப்படி இணையம் வழியாகப் படம் காட்டும் ஸ்ட்ரீமிங் தளங்கள் வேறு முறைக்குப் போயின. தயாரிப்புச் செலவைக் கொடுத்து, அதன்மேல் ஒரு லாபமும் வைத்துக் கொடுத்து, உரிமைகளை மொத்தமாக வாங்கிக்கொள்வது. படம் படுத்தாலும் தயாரிப்பாளருக்கு நட்டமில்லை. உலகமே அதைப் பார்த்தாலும் அவருக்குக் கூடுதலாக ஒன்றும் இல்லை. சூதாடியாக இருந்த தயாரிப்பாளர் ஒப்பந்தக்காரர் ஆகிவிட்டார். நிம்மதியான வாழ்க்கைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறையில் பெரிய பணம் எப்போதும் எதிர்பாராத வெற்றியிலிருந்துதான் வந்திருக்கிறது. அந்தக் கதவு இப்போது தளத்தின் பக்கம் மட்டுமே திறக்கிறது.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை தளத்துக்கு மட்டும்தான் தெரியும். 2023 டிசம்பரில்தான் நெட்ஃபிளிக்ஸ் முதல் தடவையாக 18,000-க்கும் மேற்பட்ட படங்கள், தொடர்களின் பார்வை நேரத்தை விரிவாக வெளியிட்டது. அதே நிறுவனம் 2022-இன் முதல் காலாண்டில் 2 லட்சம் சந்தாதாரர்களை இழந்ததாகச் சொன்னபோது, அதன் பங்கு விலை ஒரே நாளில் 35 சதவீதம் விழுந்தது. 2024 முடிவில் சந்தாதாரர்கள் 30 கோடியைத் தாண்டினார்கள்; 2025 முதல் அந்த எண்ணிக்கையைக் காலாண்டுக்கு ஒருமுறை சொல்வதை நிறுத்திவிட்டது. எந்த எண்ணைக் காட்டுவது, எதை உள்ளே வைப்பது என்பதே இங்கே ஒரு வியாபாரம். நடுவே விளம்பரத்தோடு கூடிய மலிவுச் சந்தாவும் வந்துவிட்டது. சுற்றிச் சுற்றிப் பழைய தொலைக்காட்சிக்கே வந்து சேர்ந்திருக்கிறோமோ என்று எனக்கு அவ்வப்போது தோன்றும்.

2023-இல் ஹாலிவுட் மறுபடியும் நின்றது. எழுத்தாளர்கள் 148 நாள், நடிகர்கள் 118 நாள். இரண்டு சங்கமும் ஒன்றாக நின்றது 1960-க்குப் பிறகு அப்போதுதான். செயற்கை நுண்ணறிவை எதிர்த்த போராட்டம் என்றே பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி இந்த எண்ணிக்கைக்காக நடந்தது. தளத்துக்காகவே எடுத்த ஒரு படத்தையோ தொடரையோ, வெளியான முதல் 90 நாளில் அந்தத் தளத்தின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்கு இணையானவர்கள் பார்த்தால், எழுத்தாளருக்கு ஒரு கூடுதல் தொகை என்று ஒப்பந்தம் ஆனது. பார்வை நேரக் கணக்கைச் சங்கத்துக்கு ரகசியமாகக் காட்டவும் நிறுவனங்கள் சம்மதித்தன. ரகசியமாக! சமையலறைக்குள் விட்டார்கள், ஆனால் வெளியே வந்து பேசக் கூடாது.

சரி, செயற்கை நுண்ணறிவு என்ற எந்திரத்துக்கு வருவோம். பாட்டு உலகத்தில்தான் இது இன்னும் வேடிக்கை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் சந்தாவும் விளம்பரமும் கொண்டுவரும் பணத்தில் ஒரு பெரும் பங்கு ஒரே தொட்டியில் விழுகிறது. மொத்தக் கேட்புகளில் உங்கள் பாட்டு எத்தனை சதவீதமோ, ஏறக்குறைய அந்த அளவுக்குத் தொட்டியிலிருந்து மொண்டு கொடுப்பார்கள். 2024-இலிருந்து, 12 மாதத்தில் 1,000 கேட்பாவது இல்லாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபையில் அந்தப் பங்கு கிடையாது. தொட்டி ஒன்றே என்பதால், ஒருவன் கள்ளத்தனமாக மொண்டால் அது மற்ற எல்லோருடைய தண்ணீர்.

2024 செப்டம்பரில் அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் ஒரு ஆளின்மேல் குற்றச்சாட்டு பதிந்தார்கள். அவர் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு லட்சக்கணக்கில் பாட்டுகளை உருவாக்கி ஏற்றினாராம். தானியங்கிக் கணக்குகளை வைத்து அவற்றைக் கோடிக்கணக்கான தடவை ஓடவிட்டாராம். எந்தப் பாட்டும் தனியாக எடுப்பாகத் தெரியாதபடி கேட்புகளைப் பரப்பி, 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி வாங்கினார் என்பது வழக்கு. பாடியது எந்திரம், கேட்டது எந்திரம், காசு மட்டும் மனிதருக்கு. டீசர் (Deezer) என்ற பாட்டுத் தளம், தன்னிடம் தினமும் வந்து சேரும் பாட்டுகளில் முழுக்க எந்திரம் செய்தவை 2025 தொடக்கத்தில் 10 சதவீதம் என்றது. அந்த ஆண்டு நவம்பரில் 34 சதவீதம் என்றது. இவற்றைக் கேட்கிற மனிதர்கள் மிகக் குறைவு. ஏற்றுகிறவர்கள் கேட்க ஆள் வேண்டும் என்று ஏற்றவில்லை.

திரைப்பட நிறுவனங்களுக்கு இதில் வேறொரு சிக்கல், அதை அவர்கள் அவ்வளவாக வெளியே பேசுவதில்லை. அவர்களுடைய உண்மையான சொத்து கேமராவும் அல்ல, கட்டடமும் அல்ல, பதிப்புரிமை. ஒரு படைப்புக்குப் பதிப்புரிமை வேண்டுமானால் அதைப் படைத்தவர் மனிதராக இருக்க வேண்டும் என்று 2025 மார்ச்சில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. ஆக, எழுத்தாளரும் நடிகரும் இல்லாமல் எந்திரமே முழுப் படத்தையும் செய்துவிட்டால் செலவு மிச்சம். சொந்தம் கொண்டாட மட்டும் எதுவும் மிஞ்சாது. யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம். மனிதரை முழுசாக வெளியே அனுப்ப நிறுவனங்கள் தயங்குவதற்குக் கலை மேல் உள்ள காதல் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

இந்தச் சண்டை புதிது அல்ல. இசைத்தட்டை வானொலியில் போட ஆரம்பித்தபோது, இதோ நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களே இதே ஊடகத்தில்தான், நேரில் வாசித்தவர்களுக்கு வேலை போனது. 1942 ஆகஸ்டில் ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் இனி இசைத்தட்டுக்கு வாசிக்க மாட்டோம் என்று நிறுத்திவிட்டது. பெரிய நிறுவனங்கள் பணிய 1944 நவம்பர் வரை ஆனது. விற்கும் ஒவ்வொரு இசைத்தட்டுக்கும் ஒரு சிறு தொகை சங்கத்தின் நிதிக்கு வந்தது. அதிலிருந்து சம்பளம் கொடுத்து மக்களுக்கு இலவசக் கச்சேரிகள் நடத்தினார்கள். வெற்றிதான். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் சங்கத்தில் சேராத பாடகர்கள் வாத்தியமே இல்லாமல், கோரஸை மட்டும் வைத்துப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். பணம் வாத்தியக்காரர்களுக்கு வந்து சேர்ந்தபோது புகழ் பாடகர்கள் பக்கம் சாய்ந்திருந்தது.

பெட்ரில்லோவுக்கு எண்ண ஒரு தட்டு இருந்தது. இன்று எதை எண்ணுவது? ஒரு குரலை எந்திரம் ஒருமுறை கற்றுக்கொள்கிறது, பிறகு ஆயிரம் குரலில் பேசுகிறது. கற்றதற்குக் காசா, பேசும் ஒவ்வொரு முறைக்கும் காசா? எந்திரத்தை உருவாக்கும் நிறுவனங்களோடு இதுவரை நடந்த சமரசங்கள் சிலவற்றில் மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்திருக்கிறார்கள். 1960-இல் பழைய படங்களுக்கு நடந்தது போல.

எங்கள் தொழிலில் பழைய ஒப்பந்தங்களில் ஒரு வரி உண்டு. இப்போது உள்ளதும் இனி கண்டுபிடிக்கப்படப் போவதுமான எல்லா ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், இந்தப் பதிவைப் பயன்படுத்தும் உரிமை நிறுவனத்துக்கு. பிரபஞ்சம் என்றே எழுதியிருப்பார்கள். செவ்வாய் கிரகத்திலிருந்து ராயல்டி வந்தால் சொல்லுங்கள் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். இனி கண்டுபிடிக்கப்படப் போவது என்ற பாதியைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

சில மாதங்களுக்கு முன் ஒரு குரல் நடிகர் புதிய ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். பிரபஞ்சம் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி: கணினி அமைப்புகளுக்குப் பயிற்சி அளிக்கவும் இந்தக் குரலைப் பயன்படுத்தலாம். ஊதியப் பகுதியைப் புரட்டினேன், தொகை முந்தைய ஒப்பந்தத்தில் இருந்ததேதான். அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால், எத்தனை முறை, யார் எண்ணுவார்கள் என்று எழுதித் திருப்பி அனுப்பச் சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை.

நன்றி, வணக்கம்.